இருள்கோமானின் தொண்டை

படத்தைப் பார்க்காமல் வலி கொடுக்கக் கூடாது என்பது டப்பிங் கூடங்களில் யாரும் எழுதி மாட்டாத, ஆனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவதைப் போல எல்லாரும் கடைப்பிடித்துவந்த வழக்கம். வசனத்தைப் படம் இல்லாமல் பேசலாம், சிரிப்பைக்கூட முன்னாலேயே சிரித்து வைத்துக்கொள்ளலாம்; அடிபட்டவனின் அலறலை மட்டும், திரையில் அடி விழுவதைக் கண்ணால் பார்த்தபடிதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அலறல் தனக்கு உரிய அடியைத் தேடிக்கொண்டு தெருவில் இறங்கிவிடும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்து அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

வேதமாணிக்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. நாகர்கோவில் பக்கத்துச் சர்ச் நாடகத்தில் ஏரோது ராஜா வேஷம் கட்டிய குரலோடு சென்னைக்கு வந்து, தலை நரைக்கிற வரைக்கும் பேய்களுக்கும் ரௌடிகளுக்கும் பேசிப் பேசி, கடைசியில் மின்னல்மைந்தன் என்கிற பறக்கும் வீரனிடம் வாரம் தவறாமல் உதை வாங்குகிற இருள்கோமான் என்ற கார்ட்டூன் வில்லனின் தமிழ்த் தொண்டையாக அமர்ந்தவர் அவர். ஆனால் அந்தத் தடவை படம் வந்து சேரவில்லை, டிவிக்காரர்கள் விடவில்லை, சவுண்ட் இன்ஜினியர் தாமு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைப் பிசைந்தான்.

"சார், இந்த சீசனுக்கு உண்டான அடி மொத்தத்தையும் இன்னைக்கே எடுத்து வச்சிரலாம். நான் படிக்கிறேன், நீங்க கத்துங்க. படம் வந்ததும் ஒட்டிக்கிறேன்."

"வேண்டாம் டே தாமு. காலி ஸ்கிரீனைப் பாத்துக் கத்துனா நல்லதுக்கில்ல."

"வேற வழியில்ல சார்."

அப்படித்தான் நடந்தது. சுவரில் மோதுகிறான் என்று தாமு படித்தான், வேதமாணிக்கம் வெற்றுத்திரையைப் பார்த்து அலறினார்; கழுத்தை நெரிக்கிறார்கள் என்றான், விக்கினார்; எரிகிறான் என்றான், விலா எலும்பு முறிகிறது என்றான், மலையிலிருந்து விழுகிறான், விழுந்துகொண்டே இருக்கிறான், இன்னும் தரை வரவில்லை சார், இன்னும், இன்னும் என்றான்; அத்தனைக்கும் அவர் வயிற்றிலிருந்து குரலைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்து, வாய் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அலறல்களும் அவருக்குப் பின்னாலேயே, மீன் வாசனை பிடித்த பூனைகளைப்போல, வந்து சேர்ந்தன.

மறுநாள் காலையில் அவர் மீன்கூடைக்குமேல் குனிந்து நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் எதிர்ச்சாரியில் லாரி கிளீனர் ஒருவன் ஆட்டோக்காரரின் முழங்காலில் ஜாக்கி ராடால் ஓங்கி இறக்கினான். முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. ஆட்டோக்காரர் ஒரு சத்தமும் போடாமல், தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதைப்போலத் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன் பையோடு நின்ற வேதமாணிக்கத்தின் வாய் அகலத் திறந்து, இருள்கோமான் மலையிலிருந்து விழும்போது கொடுத்த அதே அலறல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் போய்த் திரும்பியது.

"என்னா சார், காலீலயே ரிகர்சலா?" என்றாள் மீன்காரி. "ஐஸெல்லாம் உருகிடப்போவுது."

"எனக்கு வலிக்கவே இல்லம்மா," என்று ஆட்டோக்காரர் ஆச்சரியம்கூட இல்லாமல் சொல்லிவிட்டு, எலும்பு வெளியே தெரிகிற காலோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளீனரைத் துரத்திக்கொண்டு போனார்.

வேறு ஊராக இருந்திருந்தால் இதற்குப் பரிகாரம் தேடியிருப்பார்கள். வேதமாணிக்கம் குடியிருந்தது விருகம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருந்த சினிமாத் தொழிலாளர் சங்கக் குடியிருப்பில். மூன்று பிளாக்கிலும் ஸ்டன்ட் சண்டைக்காரர்களும் மேக்கப்மேன்களும் யூனிட் டிரைவர்களும் கும்பல் நடிகர்களும்தான். அடி ஓரிடத்தில் விழுவதும் அதன் சத்தம் இன்னோரிடத்தில், இன்னொரு நாளில், இன்னொருவர் வாயிலிருந்து வருவதும் அவர்கள் வாழ்நாளெல்லாம் செய்துவந்த வேலை. அதனால், குடியிருப்பிலும் சுற்றியிருந்த தெருக்களிலும் யார் யாரை அடித்தாலும் அடிபட்டவருக்கு வலிக்காது, அலறல் மட்டும் சி பிளாக் தரைத்தள வீட்டிலிருந்து இருள்கோமானின் குரலில் வரும் என்று தெரிந்தபோது, "சரி, இப்ப நம்ம ஏரியாவுக்கே டப்பிங் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனார்கள். வலி எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் வசதியாக இருந்தது. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டருக்கு வசதியாக இருந்தது. எலும்புக்கட்டு வைத்தியர் வெற்றிலைப் பாக்கோடு வந்து, தினம் காலை எட்டு மணிக்கு மேல் வேதமாணிக்கம் ஊரில் இருப்பாரா என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்து ஒன்றும் கேட்காமல் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். சங்கச் செயலாளர் பூவராகன், ராஜா வேஷங்களுக்கு மீசை ஒட்டுகிறவர், அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்: 'திரு. வேதமாணிக்கம் அவர்களின் தொண்டை நம் பொதுச்சொத்து. அவருக்கு ஐஸ் வாட்டர் கொடுக்க வேண்டாம்.' சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறேன் என்று அவர் பெட்டி கட்டியபோது வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அவர் தாம்பரத்தைத் தாண்டினால் அலறல் எட்டாது, அவரவர் வலியை அவரவரே கத்த வேண்டியிருக்கும். கல்யாணத்துக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு குத்துவிளக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அலறல் என்பது அடிபட்டவருக்காக மட்டும் உண்டானது அல்ல என்பதை அந்தக் குடியிருப்பு மெல்ல மெல்ல, ரத்தம் சிந்திச் சிந்தி, அறிந்துகொண்டது. அறிந்தும் பேசாமல் இருந்தது. அடிக்கிறவன் எங்கே நிறுத்துவது என்று அலறலைக் கேட்டுத்தான் நிறுத்துகிறான். பைக் நிறுத்துகிற இடத்துக்காக அண்ணன் தம்பியை அறைந்தான், தம்பி கத்தவில்லை, இன்னும் படவில்லைபோல என்று மறுபடி அறைந்தான், செங்கல்லை எடுத்தான், தாடை கழன்று சட்டைப் பித்தானுக்கு நேராகத் தொங்குகிற வரைக்கும் தம்பி சாந்தமாகப் பார்த்துக்கொண்டே நின்றான். முதலில் அடிக்கிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து சி பிளாக்கிலிருந்து வருகிற சத்தத்தைக் கவனித்தார்கள். பிறகு மின்விசிறிச் சத்தத்தில் அது கேட்கவில்லை. பிறகு கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. படிக்கட்டுகளில் காய்ந்த ரத்தம் வெற்றிலை எச்சிலோடு சேர்ந்து ஒரே நிறமானது. உடைந்த மூக்கோடு பெண்கள் கோலம் போட்டார்கள். தோள் இறங்கிய பிள்ளைகள் ஒற்றைக் கையால் கிரிக்கெட் ஆடினார்கள், சி பிளாக்கிலிருந்து அலறல் வரும்போதெல்லாம் "அவுட்டேய்!" என்று குதித்துச் சிரித்தார்கள்.

வேதமாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்து கத்தினார். வெந்நீர் குடித்தார், கத்தினார். துப்பினால் சிவப்பாக வந்தது. அவருடைய ஒரே மகள் ஜெசிந்தா ஏ பிளாக் மூன்றாவது மாடியில்தான் இருந்தாள். சண்டைக்காரன் கனகவேலைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். மாமனாருடைய தொண்டை புண்ணானதில் கனகவேலுக்கு இருந்த கவலை வேறு யாருக்கும் இருக்கவில்லை. ஷூட்டிங் போகிற வழியில் நாள் தவறாமல் பனங்கற்கண்டுப் பொட்டலம் கொண்டுவந்து வைப்பான்.

"வாயிலயே வச்சிக்கங்க மாமா. கரைய கரைய எதமா இருக்கும்."

"பிள்ள எப்படி இருக்கா டே? கீழ வரவே காணோமே."

"நல்லா இருக்கா மாமா. வீட்ல சத்தமே இல்ல, அவ்வளவு நல்லா இருக்கா."

மூன்றாவது மாடி ஏற மூச்சு வாங்குகிற வேதமாணிக்கம் அந்தப் பதிலில் திருப்தியாகி, கற்கண்டை நாக்கில் போட்டுக்கொண்டு, மருமகன்மாரில் இப்படி ஒருவன் யாருக்கு அமையும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லவும் செய்தார்.

அதற்குப் பிறகுதான் தாமு அந்த டேக்கைப் போட்டுக்காட்டியது. இருள்கோமான் உலகத்தைத் தாலாட்டித் தூங்கவைக்கிற ஒரு வசனம். வேதமாணிக்கம் மைக்குக்கு முன்னால் வெல்லப்பாகு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் ஓர் அலறல் புகுந்துவிட்டது. அலறும்போது அவருடைய காது அடைத்துக்கொள்ளும், அதனால் தன் வாயிலிருந்து வந்ததை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"சார், காலைல இந்த நேரத்துக்கு இது ஒண்ணு தெனம் வருது. நல்லாத்தான் இருக்கு, வேற எடத்துக்கு வச்சிக்கலாமா? கேட்டுப் பாருங்க."

ஹெட்போனில் கேட்டார். அலறல் இருள்கோமானுடையதுதான். ஆனால் அதற்கு முன்னால், மூச்சு இழுக்கிற இடத்தில், ஒரு 'ம்' இருந்தது. உதட்டை மடித்துக் கடித்து, இதை வெளியே விடக் கூடாது, விடக் கூடாது என்று பிடித்துவைத்து, அப்புறம் முடியாமல் விடுகிற 'ம்'. தொழிலில் எத்தனையோ பேருக்கு வலி கொடுத்த அவருக்கு, ஒருவர் கத்துவதைவிடக் கத்துவதற்கு முன் மூச்சை எப்படி எடுக்கிறார் என்பதில்தான் ஆள் இருக்கிறது என்று தெரியும். பீரோக் கதவில் விரல் நசுங்கியபோது, அம்மா இல்லாத வீட்டில் அப்பா பயந்துவிடக் கூடாதென்று ஐந்து வயசில் ஜெசிந்தா அடக்கிப் பார்த்த 'ம்' அது.

"மறுபடி போடு டே."

தாமு போட்டான்.

"மறுபடி."

தாமு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கருவியை நிறுத்தினான். "சார்... அன்னைக்குப் படம் இல்லாம எடுத்தோமே, அதோட வேலை இது. பாக்காத அடிக்குக் கத்திக்கிட்டே இருக்கீங்க. ஒரு அடியயாவது கண்ணால பாத்தீங்கன்னா, எல்லா அலறலும் வலியோட போயி அவங்கவங்க உதட்டுல ஒட்டிக்கும். கண்ணு மூடுனா மட்டும் ஒட்டாது."

அவர் மூன்று மாடியும் நிற்காமல் ஏறினார். கனகவேல் வெளியே போயிருந்தான். ஜெசிந்தா வடகம் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிப்பில் முன்பல் ஒன்று இல்லை, அது ஜன்னல் விளிம்பில் எவர்சில்வர் டம்ளருக்குள் இருந்தது. கரண்டி பிடித்திருந்த மணிக்கட்டு கருணைக்கிழங்காக வீங்கி, உள்ளேயிருந்து ஏதோ ஒன்று தோலைக் கூர்மையாகத் தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு கண் முழுதாக மூடியிருந்தது.

"உக்காருங்கப்பா. சூடா வடகம் சாப்பிடுங்க."

"மக்களே..." என்றார். பிள்ளையை ஊர்ப்பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வலிக்கலப்பா. அதான் இப்ப யாருக்கும் வலிக்கிறதில்லையே." அடுப்பை அணைத்தாள். "கல்யாணம் ஆன புதுசுலேயே ஆரம்பிச்சதுதான். ஆனா அப்பல்லாம் கத்துவேன். எதுத்த வீட்டு சரோஜாக்கா கரண்டியும் கையுமா வந்து, 'யாருடா அது, கதவத் தொறடா'ன்னு இடிப்பாங்க. இவரு சட்டுன்னு நிறுத்திட்டு, 'ஒண்ணுமில்லக்கா, ஸ்டன்ட் பழகுறேன்'னு இளிப்பாரு. இப்ப நான் வாயத் தொறந்தா காத்துதான் வருது. யாரும் வர்றதில்ல. இவருக்கும் எங்க நிறுத்துறதுன்னு தெரியல." நல்ல கண்ணால் அவரைப் பார்த்தாள். "நேத்து கழுத்துல கால வச்சாரு. நானும் சும்மா மேல ஃபேனப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். இப்படியே ஒரு நாளு செத்துக்கூடப் போயிருவேன்பா, எனக்கே தெரியாது. என் சத்தத்தக் குடுத்துருங்க."

"வா, வீட்டுக்குப் போயிருவோம்."

"உங்க வீட்டுக்கு வந்தாலும் அது உங்க வாயிலதான இருக்கும்?"

தாமு சொன்னதை மகளிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் இறங்கினார்; அந்த விஷயம் குடியிருப்பு முழுவதும் பரவுவதற்கு ஒரு பொழுதுகூட ஆகவில்லை. சாயங்காலமே பூவராகன் ஆட்களோடு வந்தார்.

"ஊருக்கே மயக்க மருந்து சார் நீங்க. ஒங்க பொண்ணு ஒருத்திக்காக எல்லாருக்கும் வலியத் திருப்பி விடலாமா? நீங்க எங்கயும் போக வேணாம், எதையும் பாக்கவும் வேணாம்; கனகவேல் கிட்ட நாங்க பேசுறோம்."

"எத்தன நாளா என் வாயில அவ கத்துனா, ஒருத்தன் வந்து பேசுனியா டே?"

"அது கார்ட்டூன் கொரல் சார். யாருதுன்னு கண்டோம்?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பி பிளாக் மரகதம் முன்னால் வந்தாள். அவளுடைய புருஷன் இரும்புக் கட்டில் காலால் அடிக்கிறவன் என்று எல்லாருக்கும் தெரியும். "அண்ணே, எனக்கு முதுகே இல்லண்ணே. ஒட்டுமொத்தமாத் திரும்பி வந்தா நான் தாங்க மாட்டேன்," என்று அவர் காலைத் தொட்டாள்.  வேதமாணிக்கம் அவளோடு சேர்ந்து அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே எங்கோ யாரையோ யாரோ அடித்தார்கள், அழுகைக்கு நடுவில் இருள்கோமான் அலறினான், மரகதம் கையை எடுத்துக்கொண்டு, தான் தொட்டிருந்த காலையும் அந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவர் மகள் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். கனகவேல் ஓடிவந்து ஃபேனைப் போட்டான், தலையணை எடுத்து முதுகுக்குக் கொடுத்தான், பொட்டலத்தைப் பிரித்து ஒரு கற்கண்டை அவர் உள்ளங்கையில் வைத்தான். "சொல்லி அனுப்புனா நானே வந்திருப்பேனே மாமா." ஜெசிந்தா தட்டு வைத்தாள். அவன் தோசையைப் பிட்டு, சட்னியைத் தொட்டு, "மாமா, அடுத்த மாசம் ஐதராபாத்ல ஒரு பெரிய படம்..." என்று சொல்லிக்கொண்டே, பேச்சு அறுபடாமல், முகம் மாறாமல், ஈ ஓட்டுகிறவனைப்போலத் திரும்பித் தண்ணீர்ச் சொம்பால் அவள் வாயில் அடித்தான். உப்பு கூடிவிட்டதாம். மாமனார் முன்னால் என்கிற கூச்சம்கூட அவனுக்கு இல்லை. சத்தம் இல்லாத ஒன்றை அடி என்று நினைப்பதையே அவன் விட்டு வெகுநாளாயிற்று.

வேதமாணிக்கத்தின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. 'ம்' என்று அவர் வயிற்றுக்குள் யாரோ உதட்டைக் கடித்தார்கள். இருள்கோமான் அவர் வாயைக் கிழித்துக்கொண்டு அலறினான். கீழே பிள்ளைகள் "அவுட்டேய்!" என்றார்கள்.

"பாத்தீங்களா மாமா, தொண்ட எப்படிக் கட்டுது," என்றான் கனகவேல் கவலையோடு.

ஜெசிந்தா வாயிலிருந்து வழிவதைத் துடைக்காமல் அப்பாவுக்கு நேராக வந்து நின்றாள். "கண்ணத் தொறந்து வைங்கப்பா."

"என்னால ஆவாது மக்களே."

"அம்மாடி, அப்பாவும் மகளும் என்ன ரகசியம்?" என்று சிரித்தபடி கனகவேல் எழுந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளுடைய உடைந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

குறுக்கே விழுந்துவிடலாம் என்று அவர் உடம்பு எழுந்தது. விழுந்தால் அடி தன்மேல் விழும், தான் கத்த நேரும், அந்தக் கத்தலும் இருள்கோமானுடையதாகத்தான் இருக்கும், கீழே பிள்ளைகள் குதிப்பார்கள், ஒரு கதவும் திறக்காது. அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வாழ்நாளெல்லாம் திரையில் அடிபடுகிறவர்களின் உதட்டைப் பார்த்த அதே பார்வையால் மகளுடைய உதட்டைப் பார்த்தார். மணிக்கட்டு திரும்பியது, தோலுக்குள் நின்ற கூர்மை வெளியே வந்தது, பார்த்தார். முழங்கால் அவள் விலாவில் ஏறியது, பார்த்தார். கண்ணில் நீர் நிரம்பி உருவம் கலங்கியபோதும் இமைக்காமல் பார்த்தார். அலறல் அவர் அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு நெஞ்சுக்கு ஏறி, தொண்டையில் வந்து நின்று, வெளியே எட்டிப் பார்த்து, தனக்கு உரிய உதடு அங்கே இருப்பதைக் கண்டு, அவரை விட்டுப் போனது.

ஜெசிந்தா கத்தினாள்.

அவளுடைய சொந்தக் குரல்தான். மெலிந்து, கீறலாக, பழக்கம் விட்டுப்போயிருந்தது. அத்தனை மாதத்து வலியும் ஒன்றின்மேல் ஒன்றாக அவள்மேல் இறங்க, அவள் தரையில் விழுந்து புரண்டு கத்தினாள். அதன் பின்னாலேயே ஏ பிளாக்கிலும் பி பிளாக்கிலும் சி பிளாக்கிலும், விளையாட்டு மைதானத்திலும், ஸ்டேஷன் பின்கட்டிலும், அவரவர் அலறல் அவரவர் வாய்க்குத் திரும்பியது. தாடை தொங்கிய தம்பி கத்தினான். ஆட்டோக்காரர் நடுரோட்டில் பிரேக் போட்டுக் கத்தினார். மரகதம் செத்துப்போகவில்லை, தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் குப்புற விழுந்து மண்ணைக் கடித்துக் கத்தினாள், பிறகு எழுந்தாள், இரும்புக் கட்டில் கால் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கனகவேல் உறைந்துபோய் நின்றான். "ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லக்கா, ஸ்டன்ட்..." என்று வழக்கத்தில் வாய் குழறியது. கதவு இடிபட்டது.

"யாருடா அது, தொறடா!"

வேதமாணிக்கம் எழுந்து தாழ்ப்பாளை எடுத்தார். கரண்டியோடு சரோஜாக்கா, அவளுக்குப் பின்னால் அம்மிக்குழவி, விறகுக்கட்டை, துவைக்கிற பலகை. பழைய வலி அப்போதுதான் வந்து சேர்ந்த பெண்களின் கண்கள். பத்து மாடியிலிருந்து அட்டைப்பெட்டிகளின் மேல் வலிக்காமல் விழத் தெரிந்த கனகவேல் அன்றைக்கு மூன்று மாடிப் படிக்கட்டிலும், ஒரு படியையும் விடாமல், சிமென்ட்டின் மேல் விழுந்தான். விழ விழ அடித்தார்கள். பல் தெறித்தது, முட்டி உடைந்தது, ஸ்டன்ட் பழகிய கை ஒருமுறை மடங்கி அப்படியே நின்றது.

"மாமா! மாமா!" என்று தரைத்தளத்திலிருந்து அவன் மேலே பார்த்து வாயைப் பிளந்தான்.

மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற வேதமாணிக்கத்தின் வாய், அத்தனை காலத்துப் பழக்கத்தில், இருள்கோமானுக்காகத் தானாகத் திறந்தது. உள்ளங்கையில் வியர்த்து ஒட்டிக்கொண்டிருந்த பனங்கற்கண்டை எடுத்து நாக்கில் வைத்து, உதட்டை மூடி, அடுத்த அடி கீழே அவன்மேல் விழுவதை இமைக்காமல் பார்த்தார்.